அலசாமல் கார் கழுவுதல்: சோப்புத் தேர்வில் நான் கண்டவை

2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியிருந்தபோது, எங்கள் குடியிருப்பில் குழாய் பிடித்துக் கார் கழுவத் தடை விதித்தார்கள். தடை நியாயமானதுதான். மழை பெய்து அது தளர்ந்த பிறகும் நான் பழைய முறைக்குத் திரும்பவில்லை. வாளித் தண்ணீரில் அதற்கான திரவத்தைக் கலந்து, நனைத்த துணியால் துடைத்து, அலசாமலே விட்டுவிடுகிறேன். ஒரு வாளித் தண்ணீரில் வேலை முடிந்துவிடுவதோடு, எங்கள் போர் தண்ணீரின் உப்பு பானட்டில் வெள்ளைப் புள்ளிகளாகப் படிவதும் இம்முறையில் வெகுவாகக் குறைந்துவிட்டது.

வீட்டிலிருக்கும் கார் ஷாம்புவையே கொஞ்சம் கலந்து துடைத்துவிடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சாதாரண ஷாம்பு நுரைத்து அழுக்கைக் கிளப்பிய பின், நிறையத் தண்ணீர் விட்டு அதையும் சேர்த்து அலசிவிடுவார்கள் என்ற கணக்கில் தயாராவது. அலசாமல் விட்டால் அதன் மிச்சம் பெயின்ட்டின் மேல் காய்ந்து, வெயிலில் கோடு கோடாகத் தெரியும். துணிக்குப் போடும் கட்டிச் சோப்போ, உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் துலக்கும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கானது என்பதால், காரின் மெழுகுப் பூச்சையும் சேர்த்தே கரைக்கத் தொடங்கும்.

இதற்கென்றே விற்கும் ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ திரவம் வேறு வகை. அதிலுள்ள பாலிமர்கள் மண் துகள்களைச் சூழ்ந்து வழுவழுப்பாக்குவதால், அவை பெயின்ட்டில் உரசாமல் துணிக்கு ஏறுகின்றன. பின்னால் தங்கும் மெல்லிய படலமும் கறையாகத் தெரிவதில்லை. நான் பயன்படுத்தும் ஆப்டிமம் நோ ரின்ஸ் திரவத்துக்கு ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர், அதாவது 4 லிட்டருக்கு ஏறக்குறைய 15 மில்லி போதும். நுரை வரவில்லையே என்று கூடுதலாக ஊற்றுவதால் வண்டி பிசுபிசுக்குமே தவிர, கூடுதலாகச் சுத்தமாகாது.

துணியிலும் அதே அக்கறை வேண்டும். அந்தக் கலவையில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். காரின் ஒரு பகுதியை ஒரே திசையில், அழுத்தாமல் இழுத்துத் துடைத்து, அடுத்த பகுதிக்கு அடுத்த முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கூரையில் தொடங்கிக் கண்ணாடி, பானட், கதவுகள் என இறங்கி, மண் அதிகம் ஒட்டும் அடிப்பகுதியைக் கடைசியில் தொடுவேன். எட்டு முகங்களும் அழுக்கான துணி வாளிக்குள் திரும்பப் போகாது. வேறு துணி எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவையும் நிழலில், பானட் ஆறிய பிறகே செய்ய வேண்டும். துடைத்த பகுதி காயுமுன் உலர்ந்த துணியால் ஒற்றியும் விட வேண்டும். துணிகளைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கிகளைச் சேர்க்காதீர்கள். இழைகள் நீரை உறிஞ்சுவது குறைந்துவிடும்.

பெங்களூரு குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த பிறகு, அங்கிருக்கும் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். தெருப் புழுதிக்கு இது மிகப் பொருத்தம் என்றும், மழைக்காலச் சேறு கட்டியாய் ஒட்டியிருந்தால் முதலில் தண்ணீர் பீய்ச்சி அதை இறக்காமல் துணியைத் தொடவே கூடாது என்றும் அவர்களுக்குச் சொன்னேன். வழுவழுப்பு எவ்வளவு இருந்தாலும், கட்டிச் சேற்றிலுள்ள மணல், பெயின்ட்டின் மேலுள்ள ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சைக் கீறிவிடும்.