மறு: படித்துவிட்டுத் திருப்பி வைத்த எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க நிரல் கோப்பிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துவிட்டு, பிறகு படிப்பதற்காகத் திருப்பி வைக்கிறதே, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்விக்கு ‘பின்தள்ளல்’, ‘மீள்வைப்பு’, ‘முன்னோட்ட எழுத்து’ என்று இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் வேண்டாம் என்பது என் கட்சி. இலக்கணத்தில் குறை சொல்லவில்லை. நாங்கள் நாலைந்து பேர் பொழுதுபோக்காகப் பராமரிக்கும் சின்னக் கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ரன்டைமில், அதாவது நிரல் ஓடும்போது துணைநிற்கும் பகுதியில், போன வாரம் ஒரு வழுவைத் திருத்தினேன். பெயர் சரியாக வைத்திருந்தால் அந்த வழு வந்தே இருக்காது.

கோப்பில் இரண்டே வரிகள்:

நன்றி
வணக்கம்

நிரல் ஒவ்வொரு வரியையும் தொடுமுன் அடுத்த குறியுரு (கேரக்டர்) என்ன என்று எட்டிப் பார்க்கும், # இருந்தால் அந்த வரியை விட்டுவிடலாம் என்பதற்காக. பிறகு முதல் வரியை மொத்தமாக வாங்கும், இரண்டாவதைக் குறியுரு குறியுருவாக வாங்கும். திரையில் வந்தது:

ன்றி
நவணக்கம்

மெய்யெழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லைப் பார்த்ததும் தொல்காப்பியருக்கே கோபம் வந்திருக்கும். முதல் வரி தலையை இழந்து, அந்தத் தலை அடுத்த வரியில் போய் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலக் கோப்புகளில் இது நடக்கவே இல்லை. எங்கள் சோதனைக் கோப்புகள் அத்தனையும் ஆங்கிலம் என்பதால் பல மாதம் யார் கண்ணிலும் படவில்லை.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சொல் விவாதமே அதில்தான் நிற்கிறது. எட்டிப் பார்ப்பது என்றால் உண்மையில் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பதுதான். திருப்பி வைக்க சி மொழியில் அன்கெட்சி (ungetc) என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது. ஆனால் சி மொழியின் தரநிலை ஒரே ஒரு பைட்டுக்குத்தான் (0 முதல் 255 வரையான ஓர் எண்) உத்தரவாதம் தருகிறது. ஆங்கில எழுத்து ஒரே பைட், அதனால் சிக்கல் இல்லை. டாப், டிஸ்கி என்ற பழைய குறிமுறைகளின் காலத்துத் தமிழிலும் ஒவ்வொரு குறியும் ஒரு பைட்டுக்குள் அடங்கியது, அன்றைக்கு எழுதிய நிரல்கள் இந்தக் குழியில் விழுந்திருக்காது. இன்றைய யூனிகோடு குறிமுறையான யூடிஎஃப்-8-இல் ‘ந’ என்பது 224, 174, 168 என்று மூன்று பைட்டுகள். மூன்றையும் எடுத்துச் சேர்த்தால்தான் அது ‘ந’ என்றே தெரியும். தெரிந்த பிறகு மூன்றையும் திருப்பித் தள்ள முடியும் என்று நம்ப இடமில்லை.

ஆகவே எங்களில் ஒருவர் செய்தது சரியான காரியம்தான்: சேர்த்த குறியுருவைக் கோப்பின் கட்டுப்பாட்டுப் பதிவிலேயே (கோப்பைப் பற்றி நிரல் நினைவில் வைத்திருக்கும் குறிப்பு) ஓரிடத்தில் வைத்து, ‘ஒன்று இருக்கிறது’ என்று காட்ட ஒரு கொடியும் (ஆம்/இல்லை அடையாளம்) ஏற்றிவிட்டார். கொடிக்கு வைத்த பெயர் ‘புஷ்டு பேக்’, அதாவது ‘பின்தள்ளியது’. குறியுரு வாங்கும் செயற்கூறு கொடியைப் பார்த்தது. வரி வாங்கும் செயற்கூற்றை எழுதியவர் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, ‘சரி, கோப்புக்கே திரும்பப் போய்விட்டது, நாம் வழக்கம்போலப் படிக்கலாம்’ என்று இருந்துவிட்டார். (அந்த இன்னொருவர் நான்தான்.)

ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்பில் அடா மொழிக்கான கம்பைலரான ஜினாட்டும் இதே வழியில்தான் போகிறது. அடா 95 பதிப்பிலிருந்தே, ஒரு பைட்டுக்கு மேல் இடம் எடுக்கும் அகலக் குறியுருக்களுக்குத் (வைட் கேரக்டர்) தனி உள்ளீட்டு நூலகம் உண்டு. அங்கே எட்டிப் பார்த்தபோது 127-க்கு மேற்பட்ட குறியுரு வந்தால் அன்கெட்சி பக்கமே போகாமல், பதிவில் வைத்துக் கொடி ஏற்றிவிடுகிறார்கள். இனி படிக்க வரும் எவரும் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பைத் தொட வேண்டும் என்ற பொருளில் மூலநிரலில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். வைத்த இடத்துக்கு அங்குள்ள பெயர் ‘சேவ்டு வைட் கேரக்டர்’, ‘எடுத்து வைத்த அகலக் குறியுரு’. ‘திரும்பியது’ அல்ல, ‘வைத்திருப்பது’.

எனவே என் முன்மொழிவு: கையிருப்பு. முழுதாகச் சொன்னால் கையிருப்புக் குறியுரு.

மளிகைக் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வாடிக்கையாளர் கேட்டதும் கிடங்குக்கு ஓடுகிற பையனை அண்ணாச்சி என்ன சொல்லித் திட்டுவார்? கையிருப்பைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா என்றுதானே. நான் எழுதிய செயற்கூறு அந்தப் பையன்.

வந்த, வரக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன்.

> இடையகமும் கையிருப்புதானே? குழப்பம் வராதா?

வராது என்றே நினைக்கிறேன். கோப்பிலிருந்து மொத்தமாக வாங்கி வைக்கும் இடையகத்தில் (பஃபரில்) இருப்பவை பிரிக்காத பைட்டுகள், அது கிடங்கு. கையிருப்பு என்பது பிரித்து, எடைபோட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் ஒரே பொட்டலம்.

> ‘முன்னோட்டம்’ எல்லாருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே.

அதுதான் சங்கடம் ஐயா. அதைக் கேட்டதும் சினிமா நினைவுக்கு வருகிறது. மேலும் அது பார்ப்பதைச் சொல்கிறது, பார்த்தபின் கையில் தங்கியதைச் சொல்லவில்லை. பார்க்கும் செயலுக்கு ‘எட்டிப் பார்’ போதும்.

> வேடிக்கைக்கு: ‘எச்சில் எழுத்து’?

சிரித்துவிட்டேன். பொருள் அட்சரசுத்தம், ஆனால் பிழைச்செய்தியில் போட்டால் நம் கம்பைலரை ஒருவரும் தொட மாட்டார்கள்.

கையிருப்பில் எனக்குப் பிடித்தது, வினைகள் தாமாக வந்து சேர்கின்றன. கையிருப்பில் வை, கையிருப்பிலிருந்து எடு, கையிருப்பு இல்லை, கையிருப்பைக் கழி. கடைசியாகச் சொன்ன ‘கழி’யின் தேவையை வழுவைத் திருத்தும்போதுதான் கவனித்தேன்: கோப்பை மூடும்போதும் தொடக்கத்துக்குத் திருப்பும்போதும் கையிருப்பைக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கோப்பின் ‘ந’ புதுக் கோப்பில் முளைக்கும். அதேபோல, கிடங்கு காலியானாலும் கையில் ஒன்று இருந்தால் கடை இன்னும் மூடவில்லை. கோப்பு முடிந்ததா என்று கேட்டால் ‘இல்லை’ என்றே சொல்ல வேண்டும். ‘பின்தள்ளல்’ என்ற பெயரோடு இருந்தவரை இந்த இரண்டும் எனக்குத் தோன்றவில்லை.

நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் சொற்பகுப்பியில் எட்டிப் பார்த்து வைத்திருக்கும் டோக்கனுக்கும் (பிரித்த சொல்) இதே சொல் ஒத்துவரும்.

இனி ‘குறியுரு’. நான் வேண்டுமென்றேதான் ‘எழுத்து’ என்று எழுதவில்லை. ‘நன்றி’யில் எழுத்து மூன்று, குறியுரு ஐந்து, பைட் பதினைந்து. கையிருப்பில் நிற்பது ஒரு குறியுரு மட்டுமே. எட்டிப் பார்க்கிற இடம் ‘றி’யாக இருந்தால் கையில் வருவது ‘ற’. கொக்கி இன்னும் கோப்பில் இருக்கும். இதை எழுத்து என்று அழைத்தால் பயனர் நம்மிடம் சண்டைக்கு வருவார், நியாயமான சண்டையும்கூட. இலங்கை நண்பர்கள் ‘வரியுரு’ என்பார்கள். எனக்கு மறுப்பில்லை, இரண்டில் ஒன்றைக் குழு முடிவு செய்யட்டும்.

‘அகல’ என்ற அடைமொழி வேண்டுமா என்பதில் எனக்கே தெளிவில்லை. அகலம் என்பது விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4 பைட். ஊருக்கு ஊர் மாறும் அகலத்தைப் பெயரில் சுமக்க மனமில்லை. கையிருப்பு வரும் இடங்களில் அதை விட்டுவிட்டேன்.

பிழைச்செய்திக் கோப்பில் தற்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘கையிருப்பில் ஏற்கெனவே ஒரு குறியுரு உள்ளது, இன்னொன்று வைக்க இயலாது.’ ஞாயிற்றுக்கிழமைக்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் இதையே சேர்த்துவிடுகிறேன். சோதனைத் தொகுப்பில் ‘நன்றி, வணக்கம்’ கோப்பையும் போட்டாயிற்று. ‘கொ’வை ஒரே உயிர்க்குறியோடும், கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதிய கோப்பு ஒன்று யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.