'ரீயூஸ் டிராக்கிங்': தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

திறந்த உரிமத்தில் வெளியிட்ட படங்களும் நூல்களும் இணையத்தில் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன, அங்கே என்னவாயின என்று அறிவதை ஆங்கிலத்தில் 'ரீயூஸ் டிராக்கிங்' என்கிறார்கள். கைக்கு வந்தபடி 'மறுபயன்பாட்டுக் கண்காணிப்பு' என்று எழுதிவருகிறோம். அதில் இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை.

மறுபயன்பாடு என்றதும் தண்ணீரும் பாட்டிலும்தான் நினைவுக்கு வரும். ஒருமுறை பயன்பட்டு ஓய்ந்ததைத் திரும்ப எடுப்பது அது. மின்படத்துக்கு ஓய்வு ஏது? நூறு பேர் எடுத்தாலும் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கண்காணிப்பு என்பதோ காவல்துறைச் சொல். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000 படங்களை சிசி0 உரிமத்தில் வெளியிட்டது. பெயர்கூடச் சொல்ல வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அந்த உரிமம். அப்படிக் கொடுத்துவிட்டு, எடுத்தவரைக் களவாளி போலப் பார்க்கும் சொல்லை நாம் ஆக்கக் கூடாது.

என் பரிந்துரை 'எடுத்தாட்சித் தடம்'. ஒருவர் கருத்தை எடுத்தாண்டார், உவமையை எடுத்தாண்டார் என்கிறோம். எடுத்ததும் தெரிகிறது, தமக்கேற்பக் கையாண்டதும் தெரிகிறது. காண் காட்சியானது போல ஆள் ஆட்சியாகும்.

மடல் 2

வணக்கம் ஐயா.

இலங்கையில் நாங்கள் 'மீள்பயன்பாடு' என்று எழுதுவோம். நீங்கள் சொன்ன குறை அதற்கும் உண்டு. ஆகவே எடுத்தாளுதலுக்கு என் முழு ஆதரவு.

ஆனால் சொல்லை முடிவாக்க முன்னம் அது எதையெல்லாம் தாங்க வேண்டும் என்று பார்ப்போம். ஒரு படம் மூன்று விதமாக வெளியே போகும். வேறொரு தளம் நம் வழங்கியிலுள்ள (சர்வரிலுள்ள) முகவரியையே தன் பக்கத்தில் பொதித்துக்காட்டலாம். படத்தை இறக்கித் தன் தளத்தில் ஏற்றலாம். வெட்டி, நிறம் மாற்றிப் புத்தக அட்டையாக்கலாம். வழங்கியின் பதிவேடு முதலாவதை மட்டுமே காட்டும். அதிலும் 2020-இல் குரோமும் 2021-இல் ஃபயர்ஃபாக்சும், அழைத்த பக்கத்தின் முகவரியை எவ்வளவு சொல்வது என்ற இயல்பமைப்பை மாற்றிய பிறகு, பெரும்பாலும் எந்தத் தளத்திலிருந்து அழைப்பு வந்தது என்பது மட்டும் பதிவாகிறது. எந்தப் பக்கம் என்பது தெரிவதில்லை.

விக்கிப்பீடியாக்களுக்குப் பொதுவான படக் கிடங்காகிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிய கோப்பென்றால் வேலை சுலபம். கோப்புப் பக்கத்தின் அடியிலேயே எந்தெந்த விக்கிகளில் பயன்படுகிறது என்ற பட்டியல் இருக்கும். கிளாமரஸ் என்ற கருவியிடம் பகுப்பின் பெயரைக் கொடுத்தால் மொத்தக் கணக்கும் வரும். பக்லாமா என்ற இன்னொரு கருவி தரும் எண்ணைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். அது படம் இடம்பெற்ற பக்கத்தின் பார்வை எண்ணிக்கை. நீண்ட கட்டுரையின் கடைசியில் சிறு படமாக இருந்தாலும் பக்கத்தின் முழு எண்ணும் நம் கணக்கில் விழும். அறிக்கையில் 'படத்தைப் பார்த்தோர்' என்று எழுதினால் அது பொய்.

ஆகவே பார்வைக்கும் எடுத்தாள்கைக்கும் வேறு வேறு சொல் இருப்பது கட்டாயம்.

மடல் 3

இரண்டாம் மடலில் அம்மா 'எடுத்தாள்கை' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டார். அதுவே 'எடுத்தாட்சி'யைவிட நல்லது. ஆட்சி என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் அரசுதான். வருகை, செய்கை, சேர்க்கை வரிசையில் எடுத்தாள்கை தானாக உட்கார்கிறது. 'ஓர் எடுத்தாள்கை', 'பன்னிரண்டு எடுத்தாள்கைகள்' என்று எண்ணவும் வருகிறது.

சுருக்கமாக 'ஆள்தடம்' போதும் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். வேண்டாம். மனிதரின் காலடித் தடம் என்றுதான் படிப்பார்கள். நாம் தொடர்வது பொருளை, ஆளை அல்ல. 'சுவடு' என்றும் ஒரு யோசனை வந்தது. அழகுதான். ஆனால் சுவடித் தொகுப்புகளைப் பற்றியே பேசும் இடத்தில் சுவடியின் சுவடு, சுவடுள்ள சுவடி என்று நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்.

எனவே 'எடுத்தாள்தடம்'. வினைத்தொகை, எடுத்தாண்ட, எடுத்தாள்கிற, எடுத்தாளும் மூன்று காலமும் அடக்கம். இந்தப் பொருளுக்கு அது மிகவும் தேவை, ஏனெனில் தடம் வளர்ந்துகொண்டே போகும். ளகரமும் தகரமும் சேருமிடத்தில் எழுத்துத் திரிய வேண்டுமே என்று இலக்கணம் கேட்கும். திரித்தால் சொல்லின் முகம் தெரியாது; இயல்பாக விடுவோம்.

மடல் 4

பெயரை ஏற்கிறேன். தடம் என்ற பகுதி வேலையோடு ஒத்துவருகிறதா என்று பார்த்தேன். வருகிறது. படத்துக்கும் நூலுக்கும் தடம் வேறு என்பதை விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

படத்துக்குப் பொதுவாகச் செய்வது: 9×8 படப்புள்ளிகளாகச் சுருக்கி, நிறம் நீக்கி, ஒவ்வொரு புள்ளியையும் வலப்பக்கப் புள்ளியோடு ஒப்பிட்டு, 64 பிட் கைரேகை எடுப்பது. இரண்டு கைரேகைகளில் சில பிட்டுகளே வேறுபட்டால் ஒரே படம் என்று கொண்டு, கண்ணால் சரிபார்க்கலாம். அளவு குறைந்தாலும் தரம் தேய்ந்தாலும் இது தாங்கும். இடம்வலம் புரட்டினாலோ, பாதியை வெட்டினாலோ தாங்காது. அச்சுப் பக்கத்துக்கும் ஓலைக்கும் பயனே இல்லை. 9×8-க்குச் சுருக்கினால் எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் கட்டம்தான்.

நூலென்றால் எழுத்துகளைத்தான் தொடர வேண்டும். ஐந்து சொல் அடுக்காக வெட்டி ஒப்பிடும் ஆங்கில வழக்கம் தமிழில் சறுக்கும். ஒருவர் சீர் பிரித்து ஏற்றுவார், இன்னொருவர் சந்தி பிரித்து ஏற்றுவார்; ஒரே பாட்டில் சொல்லெண்ணிக்கையே மாறிவிடும். இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் நீக்கி, எழுத்து எழுத்தாக அடுக்குவதே சரி. அதற்கு முன் யூனிகோடு ஒழுங்காக்கம் வேண்டும்; அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்க வேண்டும். 'கொ' ஒரே உயிர்க்குறியாகவும் இருக்கும், ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் இருக்கும், என்.எஃப்.சி என்ற ஒழுங்காக்க முறை அதை ஒன்றாக்கும். ஆனால் 'கௌ' என்பதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் அது 'கெள'. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. என்.எஃப்.சி அதைத் தொடாது. இருவகையையும் ஒன்றாகக் கொள்ளும் விதியைத் தனியாக எழுத வேண்டும்.

நூலில் உறுதியான தடம் தருவது அதிலுள்ள எழுத்துப்பிழைதான். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில், முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் பரப்பலாம் என்ற அறிவிப்பு இருக்கும். படியெடுப்பவர் முதலில் வெட்டுவது அந்த முகப்பைத்தான். தட்டச்சுப் பிழையை யாரும் வெட்டுவதில்லை. ஒரே இடத்தில் ஒரே துணைக்கால் விடுபட்ட இரண்டு படிகள் ஒரு மூலத்திலிருந்து வந்தவை என்று சொல்லலாம். ஓலைகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் படிகளை இனம் பிரித்ததும் இப்படித்தான். அதனால் மூலத்தில் பிழை திருத்தும்போது பழைய வடிவத்தையும் தேதியோடு வைத்திருங்கள். திருத்திவிட்டு அழித்தால் தடமும் அழியும்.

மடல் 5

மாற்றுக் கருத்து வராததால் கலைச்சொல் தொகுப்பில் இப்படி ஏற்றுகிறேன்:

எடுத்தாள்கை – திறந்த தொகுப்பிலுள்ள ஒன்றைப் பிறர் பொதித்தோ, படியெடுத்தோ, மாற்றியோ தம் இடத்தில் பயன்படுத்துவது. மூலத்தின் பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எடுத்தாள்கையே. மேற்கோள் இதன் ஒரு வகை.

எடுத்தாள்தடம் – எடுத்தாள்கையைக் காட்டும் சான்று: பதிவேட்டு வரி, கைரேகை ஒப்புமை, பொதுப்பிழை (இரு படிகளிலும் உள்ள ஒரே பிழை). வினையாகும்போது 'எடுத்தாள்தடம் அறிதல்'.

பார்வை எண்ணிக்கை எடுத்தாள்தடம் ஆகாது. மீள்பயன்பாடு, மறுபயன்பாடு இரண்டையும் தேடுபவர் இந்தப் பதிவுக்கு வந்துசேரும்படி வழிமாற்று வைத்திருக்கிறேன்.