பொங்கல் காபிக் கலவையில் பச்சை வாசம் அடிக்கிறது, புதுக் கொட்டைதான் காரணமா?

அம்மாபேட்டை வறுவல்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் வீட்டு முன்கட்டில் 3 கிலோ டிரம் மெஷின் வைத்துக் காபி வறுத்து விற்கிறேன். இரண்டு வருடமாக நடக்கிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் தெருக்காரர்களும் அவர்கள் சொல்லி வருபவர்களும்தான்.

இந்தப் பொங்கலுக்கு முதல் தடவையாக ஒரு சிறப்புக் கலவை போடப் போகிறேன். 200 கிராம் பாக்கெட், மொத்தம் 200. பொங்கல் என்றால் அறுவடை, ஏற்காட்டிலும் இப்போதுதான் பழம் பறிக்கிறார்கள். அதனால் இந்த வருடத்துக் காபியைத்தான் போட வேண்டும் என்று மனதில் பிடிவாதமாக வைத்திருந்தேன். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி கொண்டுவந்ததை லேபிளில் இரண்டு வரி எழுதியும் வைத்துவிட்டேன். நவம்பர் கடைசியில் பறித்து, களத்தில் காயவைத்து, ஹல்லிங் செய்த, அதாவது மேல்தோல் நீக்கிய, அராபிகா ரகக் கொட்டை 40 கிலோ மலையிலிருந்து வாங்கினேன்.

நூற்றுக்குப் புது அராபிகா 60, ரோபஸ்டா என்கிற இன்னொரு காபி ரகம் 20, சிக்கரி 20. இதுதான் கணக்கு. அராபிகாவை மூன்று ஈடு வறுத்துப் பார்த்தேன், மூன்றும் சரியில்லை. நிறம் நன்றாக வருகிறது. ஆனால் டிகாஷனை மூக்கருகே கொண்டுபோனால் ஊறவைத்த பச்சைப்பயறு வாசம். பால் ஊற்றியதும் புளிப்பு தனியாகத் தெரிகிறது. வறுத்த கொட்டை ஒன்றைக் கத்தியால் பிளந்தேன்: ஓரம் பழுப்பு, நடுவில் வெளிறிய வைக்கோல் நிறம். அரைத்த அன்றே ஒட்டிய பாக்கெட்டுகள் வேறு இரண்டு நாளில் தலையணை மாதிரி உப்பிவிட்டன.

சிக்கரியை 30 ஆக்கினால் சரியாகுமா? இன்னும் கருக்க வறுக்கவா? கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் சேர்த்து அரைக்கலாமா? பொங்கலுக்கு 24 நாள்தான் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

டிகாஷன் பிரியை

அக்கா, நான் வீட்டில் இரும்புச் சட்டியில் வறுப்பவள். பச்சை வாசம் வந்தால் இன்னும் இரண்டு நிமிடம் விட்டு எடுப்பேன், போய்விடும். ஏலக்காய் யோசனை நல்ல யோசனை. வெல்லத்தையும் பொடித்துக் கலந்தால் அசல் பொங்கல் காபி ஆகிவிடும். நம் ஓமலூர் வெல்லம் இருக்கும்போது வேறென்ன வேண்டும்?

மலைத்தோட்டம்

வறுவல் அம்மா, நீங்கள் கொட்டையைப் பிளந்து பார்த்தது ரொம்ப நல்ல வேலை. பதில் அங்கேயே இருக்கிறது. உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. டிரம் சூடு முதலில் அந்த ஈரத்தை விரட்டுவதில் செலவாகிறது. அதற்குள் தோல் நிறம் மாறிவிடுகிறது, நடு வேகவில்லை. அதைப் போய்க் கருக்கினால் வெளியே கசப்பும் உள்ளே புளிப்பும் சேர்ந்து வரும். சட்டியில் அரைக் கிலோவை விடாமல் கிளறுவது வேறு, 3 கிலோ டிரம் வேறு.

வறுக்காத கொட்டை ஒன்றை எடுத்துப் பல்லால் கடியுங்கள். பல் தடம் பதிந்து ரப்பர் மாதிரி இருந்தால் காயவில்லை என்று அர்த்தம். சுளீரென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. ஈரமானி கிடைத்தால் 10, 11 சதவீதம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, சரியாகக் காய்ந்தாலும் புதுக் காபிக்கு ஓய்வு வேண்டும். நாங்கள் தோட்டத்தில் பார்ச்மென்ட் என்கிற உள்தோலோடு மூட்டை கட்டி, இரண்டு மாதமாவது வைத்துத்தான் தோலை உடைப்போம். உங்களுக்கு விற்றவர்கள் அவசரப்பட்டுத் தோலை நீக்கிவிட்டார்கள். அறுவடைப் பண்டிகைக்கு அறுவடைக் காபி என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, மலைக்காரனுக்கு அதைவிட என்ன சந்தோஷம். ஆனால் அரிசியை நினைத்துப் பாருங்கள். புதுப் பச்சரிசி குழையும், பொங்கலுக்கு அது அழகு. அதே அரிசியைச் சாப்பாட்டுக்கு வடித்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பழைய அரிசிதான் வேண்டும். காபி அந்தச் சாப்பாட்டு அரிசி மாதிரி.

லீ பஜார் காபிக்கடை

25 வருடமாக அரவையில் நிற்கிறேன் தங்கச்சி. மலைக்காரர் சொன்னதில் மாற்றமில்லை. கலவைக்கு வருகிறேன்.

போன வருடத்து ஏற்காடு அராபிகா செவ்வாய்பேட்டையில் கிடைக்கும், வாங்குங்கள். அது 40, ரோபஸ்டா 20, உங்கள் புதுக் காபி 20, சிக்கரி 20. உடம்பு பழையதிலிருந்து வரும், புதியது மேலே ஒரு மணம் கொடுக்கும். மூன்று காபியையும் தனித்தனியாக வறுங்கள். ஈரமும் கொட்டை அளவும் ஒன்றுக்கொன்று வேறு, சேர்த்துப் போட்டால் ஒன்று வேகும்போது இன்னொன்று தீயும். புதியதைப் போடும்போது மட்டும் டிரம் சூட்டை 15 டிகிரி குறைத்து, மஞ்சள் நிறம் வரும்வரை நிதானமாக விட்டு, அப்புறம் தீயை ஏற்றுங்கள். ஃபர்ஸ்ட் கிராக், அதாவது கொட்டை முதலில் வெடிக்கும் சத்தம் ஆரம்பித்ததும் அவசரமாகக் கொட்டிவிடாதீர்கள்.

அளவு: 200 பாக்கெட் என்றால் 40 கிலோ தூள். சிக்கரி 8 கிலோ போக காபி 32. வறுத்தால் 17 சதவீதம் போல எடை போகும், ஆகப் பச்சைக் கொட்டை 39 கிலோ. அதில் புதியது 10 கிலோதான். உங்கள் மெஷினில் 15 ஈடு, மூன்று நாள் வேலை.

பாக்கெட் உப்புவது கெட்டுப்போனதால் அல்ல. வறுத்த காபி கரியமில வாயு விடும். கொட்டையாகவே நாலு நாள் வையுங்கள், அரைத்து ஓர் இரவு விடுங்கள், வால்வு வைத்த பையில் அடையுங்கள். 5, 6, 7 தேதிகளில் வறுத்தால் 11-ல் அரைத்து 12-ல் கொடுத்துவிடலாம். போகிக்கு முன்னால் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

சிக்கரியை ஏற்ற வேண்டாம். அது குற்றத்தை மறைக்காது, கருப்பையும் இனிப்பையும் ஏற்றும், அவ்வளவுதான். தண்ணீர் பட்டதும் ஊதிக்கொள்ளும், ஃபில்டரில் டிகாஷன் இறங்காது. லேபிளில் காபி 80, சிக்கரி 20 என்று கட்டாயம் போட வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஏலக்காயை அரவையில் போடவே போடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு தீபாவளிக்கு நான் போட்டேன். அதன் பிறகு அரைத்த பத்து கிலோவும் பாயசம் மாதிரி மணத்தது, தினம் வாங்குபவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முழு ஏலக்காய் இரண்டைச் சின்னக் காகிதத்தில் மடித்துப் பாக்கெட்டோடு கொடுங்கள், வேண்டியவர்கள் தட்டிப் போட்டுக்கொள்வார்கள்.

டிகாஷன் பிரியை

அண்ணா, வெல்லம்?

லீ பஜார் காபிக்கடை

தூளோடு கலந்தால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும்மா. கொதிக்கிற பாலில் போட்டால் பாலும் திரியும். டம்ளரில் டிகாஷனோடு வெல்லத்தைக் கரைத்து, இறக்கிவைத்துச் சூடு கொஞ்சம் தணிந்த பாலைப் பிறகு ஊற்றுங்கள். சுக்குக் காபியைப் பால் இல்லாமல் குடிப்பதுதான் வழக்கம், அதை இதில் சேர்க்க வேண்டாம்.

அம்மாபேட்டை வறுவல்

ஆறு நாள் கழித்து வருகிறேன். கொட்டையைக் கடித்துப் பார்த்தேன், பல் தடம் அப்படியே பதிந்தது. தெரிந்த வியாபாரி ஒருவரிடம் ஈரமானியில் வைத்தோம், 13 காட்டியது. மொட்டைமாடியில் துணி விரித்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் நாலு நாள் நிழல் காய்ச்சலாகப் போட்டேன். இப்போது 11.

நேற்று அண்ணன் சொன்ன அளவில் ஒரு கிலோ கலந்து பார்த்தேன். பிளந்தால் நடுவரை ஒரே நிறம். பச்சைப்பயறு வாசம் போய்விட்டது. கருப்பாகக் குடித்தால் கடைசியில் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு சின்ன மணம், அது புதுக் காபியுடையதுதான் என்று நினைக்கிறேன். பாலிலும் நிற்கிறது. மாமியார் இரண்டாவது டம்ளர் கேட்டார், மூன்று ஈடும் கெட்டபோது பேசாமல் குடித்தவர் அவர்.

ஒரே ஒரு சந்தேகம். லேபிளில் "இந்த வருட அறுவடைக் காபி" என்று அச்சடித்திருக்கிறேன். 20 தானே போடுகிறோம், அப்படியே விடலாமா?

மலைத்தோட்டம்

வேண்டாம் அம்மா, மாற்றிவிடுங்கள். "புது அறுவடைக் காபி கலந்தது" என்று போடுங்கள், அது உண்மை. மீதிக் கொட்டையை என்ன செய்யப் போகிறீர்கள்?

அம்மாபேட்டை வறுவல்

பழைய லேபிள் மேல் ஒட்ட 200 துண்டுச் சீட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பொங்கலுக்கு எடுத்தது போக மீதியைச் சாக்கில் கட்டி, சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் ஏற்றியிருக்கிறேன். மார்ச்சில் ஒரு பிடி வறுத்துப் பார்த்துவிட்டு, மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு முழுக்க இதையே போடலாம் என்று இருக்கிறேன்.

மலைத்தோட்டம்

வாரம் ஒரு தடவை சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாகத் தெரிந்தால் உடனே கொட்டி விரித்துவிடுங்கள்.