தாழங்குடா ஆமைக் காவல் (வாட்ஸ்அப் குழு)

பிப்ரவரி 26

அதிகாலை 2:52 – காலேஜ் தம்பி: அண்ணா, பெண்ணையாத்து முகத்துவாரத்துக்குத் தெக்கால ஒரு தடம். ஏறினது, இறங்கினது ரெண்டும் தெரியுது. ஆமை கடலுக்குப் போயிடுச்சு. முட்டை இருக்குமா, சும்மா திரும்பிடுச்சா?

2:53 – வலைக்கூடம் சித்தப்பா: ரெண்டு தடத்துக்கும் நடுவுல மணல் கிளறி, மேல தட்டி அமுக்கின மாதிரி இருக்கா? பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டை விட்டா உடம்பாலயே தட்டி மூடிட்டுத்தான் போகும். வெறும் வளைஞ்ச தடம்னா முட்டை இல்ல.

2:54 – காலேஜ் தம்பி: கிளறியிருக்கு. ரெண்டு முழ அகலம். மணல் இன்னும் ஈரமா இருக்கு.

2:54 – டீச்சர் அக்கா: அப்போ போட்டு அதிக நேரம் ஆகல. தொடாதப்பா. அலை நனைச்ச கோட்டுல இருந்து எத்தன தப்படி? நாய்த் தடம் உண்டா?

2:56 – காலேஜ் தம்பி: ரெண்டே தப்படி மேல. நாய்த் தடம் கிட்டவே இருக்கு.

2:57 – வலைக்கூடம் சித்தப்பா: நாளைக்கு அமாவாசை. கடல் இன்னும் ஏறும். குழி நனையாம தப்பாது.

2:58 – டீச்சர் அக்கா: மாத்தித்தான் ஆகணும். அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேட்டுல போட்டிருந்தா, கம்பிக்கூடையைக் கவுத்துட்டு அங்கயே விடச் சொல்லியிருப்பேன். ஆமை தேர்ந்த இடம்தான் முதல் தரம். எடுத்துட்டு வந்து காப்பகத்துல புதைக்கறது வேற வழி இல்லாதப்போதான்.

2:59 – வனக்காவலர் அண்ணன்: பத்து நிமிஷத்துல வரேன். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம். 1972 வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணை உயிரு. துறை ஆள் இல்லாம நல்ல மனசோட எடுத்தாலும் குத்தம்தான். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுத்திக்க. போன்ல ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுக்காத. பக்கத்துல இன்னொரு ஆமை ஏறிட்டிருந்தா வெளிச்சம் பார்த்துத் திரும்பிடும்.

3:04 – டீச்சர் அக்கா: தம்பி, முட்டை எடுக்கிறப்போ கவனிக்க வேண்டியதை இப்பவே படிச்சுக்க.

குச்சி வெச்சுக் குழியைத் தேடறதை அண்ணன்கிட்ட விட்டுடு. விரல் தடிமன் குச்சியை நேரா, மெதுவா இறக்கணும். கெட்டி மணல் சட்டுனு இளகுற இடம்தான் வாய். அங்கயே நிறுத்தணும். ஒரு அங்குலம் கூடுதலா போனாலும் மேல் முட்டை ஓட்டையாகும். ஓட்டையானது அழுகி, பக்கத்து முட்டைக்கும் பூசணம் ஏறும்.

தோண்டறது கையால மட்டும். நகம் வெட்டியிருக்கணும், கையில கொசு மருந்து, க்ரீம் எதுவும் இருக்கக் கூடாது. குழி ஆழத்தையும் வாய் அகலத்தையும் குச்சியில குறிச்சுக்க. ஒண்ணரை அடி ஆழம் இருக்கும், அடியில குடம் மாதிரி அகலும்.

முட்டையை எப்படி எடுத்தியோ அப்படியே வை. உருட்டாத, குலுக்காத. போட்ட சில மணி நேரத்துல கரு மேல ஏறி ஓட்டோட உள்தோல்ல ஒட்டிக்கும். அதுக்கப்புறம் புரட்டினா கரு பிய்ஞ்சு செத்துடும். வெளிய பார்த்தா எதுவும் தெரியாது, அம்பது நாள் கழிச்சுத்தான் பொரியலனு தெரியும். ஆறு மணி நேரம்தான் கடைசி எல்லை. ஆனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள புதைச்சிடறதுதான் நல்லது.

3:06 – வலைக்கூடம் சித்தப்பா: பக்கெட் அடியில அந்தக் குழி மணலையே மூணு விரக்கடை போட்டுக்க. பைக்ல வேணாம், தூக்கிக்கிட்டு நடந்தே வாங்க.

4:21 – வனக்காவலர் அண்ணன்: 112 முட்டை. உடைஞ்சது இல்ல. காப்பகத்துல புதைச்சாச்சு. பக்கத்துக் குழிக்கு ஒரு மீட்டர் இடைவெளி. மேல ஈர மணலைப் போட்டு உள்ளங்கையால அமுக்கினேன், மிதிக்கல. பலகையில தேதி, நேரம், எண்ணிக்கை, எடுத்த இடம் எழுதியாச்சு.

காலை 6:40 – வீராம்பட்டினம் மாமா: நல்ல வேலை பண்ணீங்கப்பா. ஒரு சந்தேகம். இங்க காப்பகத்துக்கு மேல கீத்து போடணுமா, வெயில் படட்டுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

6:58 – டீச்சர் அக்கா: மாமா, இந்த வேலையிலயே ரொம்ப யோசிக்க வேண்டிய இடம் அதுதான். ஆமைக்கு ஆணா பெண்ணானு முடிவு பண்றது மணல் சூடு. 29, 30 டிகிரி வாக்குல ரெண்டும் கலந்து வரும். 32 தாண்டினா ஏறக்குறைய எல்லாம் பெண். 35ஐத் தொட்டு அப்படியே நின்னா குஞ்சு உள்ளேயே சாகும். அடைகாப்போட நடு மூணுல ஒரு பங்கு நாள், அதாவது பதினஞ்சுல இருந்து முப்பது வரை, அப்பதான் இது நடக்குது.

தை மாசக் குழிக்கு அந்த நாளுங்க குளிர்ச்சியில விழும். பங்குனியில போட்டதுக்குச் சித்திரை வெயில்ல விழும். பூமி சூடாகச் சூடாக, ஆண் குஞ்சு தர்ற குழி முன்பருவத்துலதான் மிஞ்சும். அதனால தையில வர ஒரு குழியைக்கூட நாய்க்கு விட்டுடக் கூடாது.

கீத்தை மணல் மேல பரப்பாதீங்க, பூசணம் வரும். ஆள் உயரத்துக்குப் பந்தல் கட்டி, பாதி வெயில் விழற பச்சை வலை போடுங்க. முழு நிழலும் வேணாம். தண்ணி தெளிக்காதீங்க, மணல் அடைச்சா முட்டைக்கு மூச்சு போகாது.

7:05 – வீராம்பட்டினம் மாமா: சூடு எப்படிப் பாக்குறது?

7:09 – டீச்சர் அக்கா: குழிக்கு ஒரு அடி தள்ளி, அதே ஒண்ணரை அடி ஆழத்துல தெர்மாமீட்டர் கம்பி. முட்டைக்குள்ள சொருகக் கூடாது. அந்த ஆழத்துல பகல் ராத்திரி வித்தியாசம் கம்மிதான், தினம் ஒரே நேரத்துல ஒரு தடவ குறிச்சாப் போதும். 45 நாளுக்கு முன்னயே பொரிஞ்சா சூடு அதிகம் போச்சுனு அர்த்தம். அடுத்த வருஷம் காப்பகத்தை வேற மணலுக்கு மாத்திடுங்க, பழைய இடத்துல ஓடு அழுகின கிருமி தங்கும்.

7:20 – மீன்கடை அத்தை: வீராம்பட்டினத்துல மணலாவது இருக்கு. 80கள் கடைசியில அரியாங்குப்பம் முகத்துவாரத்துல துறைமுகக் கல்லு போட்டப்புறம், தெக்க இருந்து வடக்க போற மணல் நின்னு, புதுச்சேரிக்கு வடக்கால கரையெல்லாம் கருங்கல்லு. கல்லுல எந்த ஆமை ஏறும்?

7:24 – டீச்சர் அக்கா: ஆமா அத்தை. அதனாலதான் நரம்பை, மூர்த்திக்குப்பம், நம்ம தாழங்குடா மணலுக்கு இவ்வளவு மதிப்பு.

7:31 – காலேஜ் தம்பி: குஞ்சு வந்தா தொட்டித் தண்ணியில கொஞ்ச நேரம் விடலாமா? ஸ்கூல் பிள்ளைங்க பாக்கணும்னு கேக்குறாங்க.

7:33 – வனக்காவலர் அண்ணன்: கூடாது. வெளிய வந்ததும் நிக்காம நீந்துறதுக்கான சக்தி வயித்துல இருக்கற மஞ்சக்கருவுலதான் இருக்கு. தொட்டியில அடிச்சே அதைத் தீர்த்துடும், அப்புறம் அலையைத் தாண்டாது. மேல மணல் குழிஞ்சாலே ஓரிரு நாள்ல வரும். வந்ததும் இருட்டுலயே, தண்ணியில இருந்து பத்து மீட்டர் தள்ளி விட்டுடணும். தானா நடக்கட்டும். பிள்ளைங்க விடியறதுக்கு முன்ன வந்து, பின்னால நின்னு பாக்கட்டும். முன்னால ஒருத்தரும் நிக்கக் கூடாது.

7:36 – வலைக்கூடம் சித்தப்பா: அன்னைக்கு ராத்திரி ஹைமாஸ்ட் லைட்டை அணைக்கச் சொல்லணும். இல்லனா கடலை விட்டுட்டு ரோட்டைப் பார்த்து ஓடும்.

7:38 – வனக்காவலர் அண்ணன்: கடிதம் கொடுத்துடறேன். 45ஆம் நாள் ஏப்ரல் 12. அன்னைக்குக் கூடை கவுத்துட்டு, ராத்திரி முழுக்க அரை மணிக்கு ஒரு தடவ பாக்கணும். கூடைக்குள்ள விடியற வரை மாட்டினா வெயில்ல காஞ்சுடும்.

7:41 – வலைக்கூடம் சித்தப்பா: 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா விசைப்படகு ஆளுங்க கரையில இருப்பாங்க, ரெண்டு ரெண்டு பேரா போட்டுடலாம். 12, 13, 14 மூணு ராத்திரிக்குத்தான் ஆள் இல்ல. யார் யார் வரீங்கனு இங்கயே பேர் போடுங்க.

7:42 – காலேஜ் தம்பி: 12 நான்.

7:42 – மீன்கடை அத்தை: 13 நானும் மருமகளும்.