பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தர ஒருவர் தேவை, மன்னார்குடி பக்கம்

வணக்கம். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்காகக் கேட்கிறேன். வயது 16, அப்பா இல்லை, அம்மா நடவு வேலைக்குப் போகிறார். குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் ஒரு போர்செட்டின் செப்பு வயரை வெட்டி, வாய்க்கால் கரையில் தோலை எரித்து, காயலான் கடையில் போட்டுவிட்டான். அந்தப் புகை நாற்றத்தில்தான் மாட்டிக்கொண்டான்.

மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் உள்ள இளைஞர் நீதிக் குழுமம் கவுன்சிலிங்கும் சமூக சேவையும் சொல்லி, அம்மாவோடு அனுப்பியது. சேவை முடிந்தது. அப்புறம்தான் சிக்கல். ஒரு பள்ளியில் விஷயம் தெரிந்ததும் இடமில்லை என்றார்கள். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி இது படிப்புக்கோ வேலைக்கோ தடையாகக் கூடாது. அதைச் சொல்லியும் பலனில்லை. அவன் பெயரையோ ஊரையோ நான் போடாததற்கும் அதே சட்டம்தான் காரணம், பின்னூட்டத்திலும் யாரும் கேட்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் போய்விட்டது. துணைத்தேர்வு எழுத, மாலையில் ஒரு மணி நேரம் யாராவது சொல்லித்தர முடியுமா? பஸ் செலவை நாங்கள் தருகிறோம்.

ஐ.டி.ஐ. வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும். சேர்த்துவிட்ட அனுபவம் இருந்தால் என்னென்ன சான்றிதழ் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். வயர் திருடியவனை வயர்மேன் ஆக்கலாமா என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். ஏன் கூடாது? நேற்று எங்கள் வீட்டு மிக்சியைப் பிரித்து அவன்தான் சரி செய்தான்.

உதவ முடிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.