கலைச்சொல் வேண்டும்: மையாசிஸ்

பாளையங்கோட்டையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். நாய் வளர்ப்புக் கையேட்டுக்கு 'மையாசிஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். உயிருள்ள விலங்கின் சதையில் ஈயின் புழு வளர்வதே மையாசிஸ். 'புழுநோய்' என்று போட்டுவிடலாமா?

சங்கரன்கோவிலிலிருந்து:
வேண்டாம் அண்ணாச்சி. புழுநோய் என்று படித்ததும் குடற்புழு மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். அந்த மாத்திரை புண்ணில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. அது ஆறேழு நாளில் சதையைக் குடைந்து முழுதாக வளர்ந்துவிடும். நம் பக்கத்தில் 'நாய்க்குப் புழு வச்சுட்டு' என்கிறோமே, வயிற்றுப் புழுவுக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'ஈப்புழுப் புண்' எனலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
'ஈப்புழு' சரி, 'புண்'தான் இடிக்கிறது. ஆப்பிரிக்காவின் டும்பு ஈயின் புழு புண்ணே இல்லாத தோலைத் துளைத்து நுழையும். மேலே ஒரு கொப்புளமும் மூச்சுத் துளையும்தான் தெரியும். பொதுச்சொல்லாக 'ஈப்புழுவைப்பு' எப்படி? நம்மூரில் அதிகம் படுத்துகிற திருகுப்புழு ஈ, கிரைசோமியா பெசியானா, புண்ணின் விளிம்பில் முட்டை வைக்கிறது. சதை ஈயோ முட்டைக்குப் பதில் புழுவையே இடும். இரண்டுக்கும் 'வைப்பு' பொருந்தும். டும்பு ஈ மணலில் முட்டையிடுவதால் அங்கே மட்டும் சொல் கொஞ்சம் நொண்டும். அதற்காக நல்ல சொல்லை விடவேண்டியதில்லை. வகைகள்: புண் ஈப்புழுவைப்பு, கொப்புள ஈப்புழுவைப்பு.

சங்கரன்கோவிலிலிருந்து:
வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும். இதோ:

"ஈப்புழுவைப்பு காதடி, கழுத்துப்பட்டையின் கீழ், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் அதிகம். சடைநாய்க்கு முடி மறைத்துவிடும். கெட்ட வாடையும் ஓயாமல் நக்குவதுமே முதல் அடையாளம். வாயைக் கட்டி, புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலம் முடியை வெட்டவும். புழு தலையைச் சதைக்குள் புதைத்து, பின்புறத் துளையால் மூச்சுவிடும். டர்பன்டைன் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் மூச்சு முட்டி மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக, நசுக்காமல் எடுக்கவும். உள்ளே அறுந்தால் சீழ் வைக்கும். பிறகு கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்து நன்றாகக் கழுவி, நீர்த்த போவிடோன் அயோடின் (கிருமிக்கொல்லி மருந்து) இடவும்."

அம்பாசமுத்திரத்திலிருந்து:
சொல் நிற்கிறது. சில திருத்தங்கள்: டர்பன்டைன் கண், வாய், பிறப்புறுப்புப் பக்கம் கூடாது, அங்கே புழு வைத்தால் நேராக மருத்துவரிடம் போகவேண்டும். வேலை முடிந்ததும் டர்பன்டைனைக் கழுவாமல் விட்டால் தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் வயிறும் கெடும். நக்கவிடாமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு கட்டாயம். சீத்தா இலைச்சாறு, அந்துருண்டைத் தூள் இரண்டையும் 'செய்யக்கூடாதவை'யில் சேருங்கள். அந்துருண்டை நாய்க்கு நஞ்சு. ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசியைக் கடையில் வாங்கித் தாமே போடுகிறார்கள். கோலி வகை நாய்களில் மரபணுக் குறையால் அது மூளைக்குள் புகுந்து உயிரையே எடுக்கும். அளவை மருத்துவரே சொல்லட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து:
'ஈப்புழுவைப்பு' என்றே போடுகிறேன். ஆனால் 'புழு' இருக்கவேண்டிய இடத்தில் பாடநூலில் 'குடம்பி' என்று வருகிறதே?

சங்கரன்கோவிலிலிருந்து:
அகராதியில் இருக்கட்டும் அண்ணாச்சி. ஆட்டுக்காரருக்கும் நாய்க்காரருக்கும் புழு என்றால்தான் புரியும். இன்னொன்று விட்டுப்போயிற்று: எடுத்த புழுவைத் தரையில் வீசினால் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி ஈயாகத் திரும்பும். கொதிநீரில் போடச் சொல்லுங்கள். அடுத்த மூன்று நாளும் புண்ணைத் திறந்து பார்க்கவேண்டும். ஆழத்தில் பதுங்கியவை முதல் நாளே வந்துவிடாது.