ஹார்ட்வெல் ஹவுஸில் தங்கியவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இங்கிலாந்தில் எய்ல்ஸ்பரி பக்கத்தில் இருக்கும் ஹார்ட்வெல் ஹவுஸில் இரண்டு இரவு தங்கலாம் என்று யோசனை. நாட்டை விட்டு வந்த பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி 1809 முதல் 1814 வரை பரிவாரத்தோடு குடியிருந்த மாளிகை அது. இப்போது அது ஹோட்டல். இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து, ராஜா தூங்கிய அறைதான் வேண்டும் என்கிறார் அம்மா!

என் கவலை அவருடைய முழங்கால். போன வருஷம் வேறொரு பழைய மாளிகையில் தங்கினோம். அறை அழகுதான், ஆனால் ஷவர் கிடையாது. குளியல் தொட்டியின் விளிம்போ அம்மாவுக்குத் தொடை உயரம். நானும் தங்கையும் கைத்தாங்கலாக இறக்கி ஏற்றினோம். அதனால்தான் கேட்கிறேன்: இங்கே பிரதான மாளிகையில் அறை எடுத்தால் எத்தனை படி ஏற வேண்டும்? பழைய குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய அறைகள் வசதியா, இல்லை மாளிகையில் தங்கிய உணர்வே வராதா?

அப்புறம், நாங்கள் சுத்த சைவம். காளான் ரிசோட்டோவைத் தவிர வேறு ஏதாவது தருவார்களா? லண்டன் மேரிலபோன் நிலையத்திலிருந்து ரயிலில் வருகிறோம். ஞாயிறு மாலை எய்ல்ஸ்பரி நிலையத்தில் டாக்சி கிடைக்குமா, முன்பே சொல்லி வைக்க வேண்டுமா?